அப்பாவின் மருந்துப் போத்தல்

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நல்லா இருக்கியா ராசா? வேளைக்குச் சாப்பிடு. ரெண்டு ஷிப்ட் சேர்ந்தாப்ல பார்க்காதே.

3 வாரமா உன் போன் வரல. வேலை இருக்கும், தெரியும். அப்பாதான் பொழுது சாய்ஞ்சா என் போனை எடுத்துத் தலைமாட்டுல வச்சுக்கிறாரு. சார்ஜ் இருக்கான்னு கேட்பாரு. வேற ஒண்ணும் கேட்கிறதில்ல.

நீ அன்னிக்குப் போன்ல போட்ட சத்தத்தை டாக்டரம்மா மனசுல வச்சுக்கல. நம்ம தோட்டத்து லயத்து வீடுகள்ல இருந்து யூனிவர்சிட்டி போன மொத ஆளு நீ. பசார்ல இன்னும் சொல்றாங்க, எனக்குக் கேட்கக் கேட்கப் பெருமையா இருக்கு. படிச்ச பிள்ளை அப்படிப் பேசலாமா? பணம் தர்றேன், இன்னொரு கீமோ போடுங்கன்னா, பணத்துக்கா நிறுத்தினாங்க? ஸ்பெஷலிஸ்டுக்கு நாம கட்டுறது 5 வெள்ளி. நுரையீரல்ல இருந்த புத்துநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் போயிடுச்சு, ரெண்டு வகை மருந்து ஏத்தியும் கேட்கல, இனி ஏத்தினா இவரு உடம்பு தாங்காதுன்னாங்க. அதை அப்பா முகத்தைப் பார்த்தே சொன்னாங்க. சொல்லாதீங்கன்னு நான் தனியாக் கூப்பிட்டுக் கெஞ்சியிருந்தேன். "அவரு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்"னு சொல்லிட்டாங்க. அப்பா கேட்டாரு. "அப்ப வீட்டுலயே இருக்கேன்"னாரு, அவ்வளவுதான். இனிமே அவங்ககிட்ட சத்தம் போடாதே.

உன்கிட்ட மறைச்சது ஒண்ணு இருக்கு. மார்பின் சிரப்பை வலி இருந்தாலும் இல்லாட்டியும் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, 5 மில்லி கொடுக்கச் சொல்லியிருந்தாங்க. நான் பாதிதான் கொடுத்தேன். தூங்கிக்கிட்டே போயிடுவாரோன்னு பயம். சம்சு சாராயத்துல உன் தாத்தா கிடந்தது உனக்குத் தெரியும்ல, அந்த மாதிரி ஆயிடுவாரோன்னும் பயம். டாக்டரம்மா கேட்டப்போ முழுசாக் கொடுக்கிறேன்னு பொய் சொன்னேன். 9 நாள் ராசா. எனக்குக் கேட்கக் கூடாதுன்னு அப்பா தலையணைத் துணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரு. காலையில அந்த உறையைத் துவைச்சவ நான்தான். தெரிஞ்சும் பாதிதான் ஊத்தினேன்.

வீட்டுக்கு வந்த நர்ஸ் மிஸி போத்தலைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்துச்சு. மறுநாள் டாக்டரம்மாவே போன் பண்ணினாங்க. திட்டல. எதுக்குப் பயந்தீங்கன்னு கேட்டாங்க. மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், அப்புறம் தெளிஞ்சிடும். வலிக்குன்னு அளந்து கொடுக்கிற மருந்து ஆளை அடிமையாக்காது, உயிரையும் சீக்கிரம் எடுக்காதுன்னாங்க. வயிறு இறுகும், அதுக்கு இன்னொரு சிரப் தந்திருக்காங்க.

இப்ப முழுசாத்தான் கொடுக்கிறேன். நேத்து அப்பா வாசல் அஞ்சடியில நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தாரு. கஞ்சி அரைக் கிண்ணம் குடிச்சாரு. ரம்புத்தான் பூத்திருக்கு, காய்க்கிறப்போ தம்பிக்குப் பறிச்சு வைன்னாரு. காய்க்க இன்னும் எத்தனை மாசம்னு உனக்கே தெரியும்.

சிங்கப்பூர்ல இருந்து ஈப்போவுக்கு ராத்திரி பஸ் இருக்குன்னு தங்கச்சி சொன்னா. சும்மா சொல்றேன். வேளைக்குச் சாப்பிடு. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை நல்லதாப் பேசிடு.

10 மணி ஆச்சு, அப்பாவுக்கு மருந்து ஊத்தணும்.

அம்மா