மிளகும் மிளகாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முதல் உலகப் போரில் பிரான்ஸில் போரிட்ட இந்திய வீரர்களின் கடிதங்களைப் படிக்கும்போது மனம் கலங்குகிறது. 1914-ல் மார்சேயில் கப்பலிறங்கிய அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே ஒருவர் எழுதிக்கொடுக்க வேண்டும், ஊரில் ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும். நடுவில் ராணுவத் தணிக்கை வேறு. மனைவியிடம் சொல்ல நினைத்ததை இத்தனை பேர் காதில் போட்டுத்தான் சொல்ல முடிந்தது, பாவம்! 'கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாய் போடுகிறார்கள்' என்ற பொருளில் ஒருவர் எழுதியிருக்கிறார். மிளகு இந்தியச் சிப்பாய், மிளகாய் வெள்ளைக்காரச் சிப்பாய். தணிக்கை அதிகாரிகளுக்கும் அது புரிந்துவிட்டது.

அந்த அதிகாரிகள் மொழிபெயர்த்து எடுத்துவைத்த கடிதப் பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூலக் கடிதங்களில் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. குடும்பத்தார் எழுதிய பதில்களின் கதியும் அதுதான்.

ராணுவப் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து இரண்டு உலகப் போர்களிலும் கடல் கடந்தவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. அவர்கள் வீட்டுப் பரணில் பழைய கடிதங்கள் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அவற்றின் நகல்களையாவது வாங்கிச் சேர்க்க முன்வர வேண்டும். பெரிய செலவு எதுவும் ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வேலூர்