ரோபோ நுரையீரல் அறுவை: முன்னும் பின்னும் யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரோபோ மூலம் செய்யும் நுரையீரல் அறுவை சிகிச்சை பற்றி உங்கள் நாளிதழில் அண்மையில் வந்த செய்தியைப் படித்தேன். சிறிய துளைகள் போதும், ரத்த இழப்பு குறைவு, சில நாளில் வீடு திரும்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் நான் நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், இந்த மாதிரி செய்தி வந்தால் அடுத்து எங்களிடம் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சின்ன ஆபரேஷன்தானே மேடம், ரோபோவே பண்ணிடுமாமே?"

ரோபோ தானாக எதுவும் பண்ணாது. அதே அறையில் கொஞ்சம் தள்ளி, திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சர்ஜன் உட்கார்ந்திருப்பார், அவர் விரலை அசைத்தால் அதன் கருவி அசையும், அவ்வளவுதான். விலா எலும்புகளுக்கு நடுவே 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உள்ள நாலைந்து துளைகள் போடுவார்கள். வெட்டிய பகுதியை வெளியே எடுக்க அதில் ஒன்றை மூன்று நான்கு சென்டிமீட்டருக்குப் பெரிதாக்குவார்கள். பழைய முறையில் விலா எலும்புகளை இரும்புக் கருவி வைத்து அகட்ட வேண்டியிருந்தது, வலியில் பெரும்பங்கு அதனால்தான், அது இதில் இல்லை என்பது உண்மையான லாபம். ஆனால் உள்ளே வெட்டுவது அதே அளவுதான். நுரையீரல் மடல் மடலாகப் பிரிந்திருக்கும், வலதில் மூன்று, இடதில் இரண்டு, புற்றுநோய் என்றால் பெரும்பாலும் ஒரு முழு மடலையும் பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்கிறார்கள். (கட்டி 2 சென்டிமீட்டருக்குள், ஓரமாக இருந்தால் பலருக்கு மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தாலே போதும் என்று அண்மைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.) அறுவை நடக்கும் அத்தனை நேரமும் அந்தப் பக்கத்து நுரையீரலைச் சுருங்க வைத்துவிட்டு, மறு பக்கத்தை வைத்தே மூச்சை ஓட்டுகிறார் மயக்க மருந்து டாக்டர். வெளியே தெரிகிற தழும்பு சின்னது என்பதால் ஆபரேஷன் சின்னது ஆகிவிடாது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. இளவயதில் காசநோய் வந்து மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள் ஏராளம். அவர்களில் சிலருக்கு நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ரோபோவில் ஆரம்பித்து, பிரிக்க முடியாமல், திறந்து செய்ய வேண்டிவரலாம். அப்படி மாற்றினால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வராந்தாவில் சண்டை போடும் உறவினர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தக்குழாயைப் பத்திரமாகக் கையாள வேண்டுமே என்று எடுக்கிற முடிவு அது. கையெழுத்து வாங்கும்போதே இதைச் சொல்லியிருப்பார்கள், ஆனால் கையெழுத்துப் போடும் நேரத்தில் யார் கவனிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அறுவை சில மணி நேரம். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரமும் பிந்தைய ஒன்றரை மாதமும்தான் நோயாளியின் கையிலும் வீட்டாரின் கையிலும் இருக்கிறது. அந்த நாட்களில் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. எங்களுக்கே பல சமயம் முந்தைய நாள் சாயங்காலம்தான் "நாளைக்குக் கேஸ், கொஞ்சம் பார்த்துடுங்க" என்று போன் வரும். அப்போது என்ன சொல்லித்தர முடியும்?

சிடி, பெட் ஸ்கேன், எக்கோ எல்லாம் எடுத்துவிட்டு வருவார்கள். மூச்சுத்திறன் சோதனையும் எடுத்திருப்பார்கள். ஒரு மடல் போனபிறகு மிச்சம் எவ்வளவு திறன் இருக்கும் என்று அதிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள், அதனால் "ஊதத் தெரியலை, ஏதோ ஊதினேன்" என்று அலட்சியமாகச் செய்துவிட்டு வராதீர்கள். ஆறு நிமிடம் நடக்கவைத்துப் பார்ப்பதும் மாடிப்படி ஏறச் சொல்வதும் நல்ல தகவலைத் தரும். நோய் என்று தெரிந்ததுமே வீட்டில் கட்டிலோடு கட்டிலாகப் படுக்கவைத்துவிடுகிறார்கள். அது வேண்டாம். நடக்க முடிகிறவர் தினமும் நடக்கட்டும், மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு நடக்கட்டும்.

பீடி, சிகரெட்டை நான்கு வாரம் முன்பாவது நிறுத்தினால் சளியும் நிமோனியாவும் குறையும். அதற்காக, நாள் தாண்டிவிட்டது, இனி நிறுத்தி என்ன பயன் என்று நினைக்க வேண்டாம், நாளைக்கே ஆபரேஷன் என்றாலும் இன்றைக்கு நிறுத்துவது நல்லதுதான். வார்டு மாடிப்படியின் கீழே போய்க் கடைசியாக ஒன்று என்று பற்றவைக்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அவர் மனைவியிடம் சொல்லிவிடுவேன்.

அப்புறம் அந்த மூன்று பந்து, மூச்சுப் பயிற்சிக் கருவி. பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து, ஒரு குழாய். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். பத்துப் பேரிடம் கொடுத்தால் பெரும்பாலானவர்கள் அதில் ஊதுவார்கள், பலூன் ஊதுகிற மாதிரி, முகம் சிவக்க. "உள்ளே இழுங்க ஐயா, ஊதாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்வதுதான் என் வேலை என்று வீட்டில் கேலி செய்வார்கள். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே ஏறியதும் இரண்டு மூன்று விநாடி நிறுத்திப் பிடித்துவிட்டு விட வேண்டும். சுரீரென்று ஒரே இழுப்பில் மூன்று பந்தையும் ஏற்றிக் காட்டுவதில் பெருமை ஒன்றும் இல்லை, ஒரு பந்தை நிதானமாகத் தூக்கிப் பிடிப்பதில்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை. இதை அறுவைக்கு முன்பே பழக வேண்டும், ஏனென்றால் நெஞ்சில் குழாயோடும் வலியோடும் இருக்கும் மனிதருக்குப் புதிதாக எதையும் சொல்லித்தர முடியாது.

மாத்திரை விஷயத்தில் டாக்டரிடம் ஒளிக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்திவிட்டு வந்தால் அது வேறு ஆபத்து. சர்க்கரைக்கு இப்போது பலரும் சாப்பிடும் டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம், இல்லாவிட்டால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. லேகியம், கஷாயம், பக்கத்து வீட்டில் கொடுத்த பொடி என்று எது இருந்தாலும் சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

அறுவை முடிந்து கண் விழித்தால் விலாவில் ஒரு குழாய், கீழே தண்ணீர் உள்ள பாட்டில். இதைப் பார்த்துத்தான் வீட்டார் அரண்டு போகிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து கசியும் காற்றும் நீரும் வெளியே வர அது இருக்கிறது. இருமும்போது குமிழி வந்தால் காற்று இன்னும் கசிகிறது என்று அர்த்தம், கசிவு நின்று நீரும் குறைந்தபிறகு எடுப்பார்கள். சிலருக்குச் சீக்கிரம் நிற்கும், சிலருக்கு ஒரு வாரம் தாண்டும், அப்படிப்பட்டவரைக் குழாயோடும் பையோடும் வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேயே, நிமிர்ந்தே இருக்க வேண்டும். பாத்ரூம் போகும்போது பாசத்தில் அதைத் தூக்கித் தோளுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு கூடவே வருகிற பிள்ளைகளை எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறேன்.

அன்று மாலையோ மறுநாள் காலையோ நாங்கள் வந்து எழுப்பி நடக்கவைப்போம். இங்கேதான் பெரிய தகராறு. "நேத்துதான் வெட்டியிருக்கு, மனசாட்சி இல்லையா?" என்று ஒரு அத்தை என்னைக் கேட்டார். படுத்தே இருந்தால் சளி அடியில் தேங்கும், காலில் ரத்தம் உறையும். அதனால்தான் நடை. இருமலும் அப்படித்தான், தலையணையை வெட்டுப் பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும், வலிக்குப் பயந்து அடக்கினால் நிமோனியாவில் போய் நிற்கும். ஆகவே வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு ஆழமாக மூச்சு விடுங்கள். சில வலி மருந்துகள் மலச்சிக்கலைக் கொண்டுவரும், கூச்சப்படாமல் நர்ஸிடம் சொல்லுங்கள். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு இதயம் தாறுமாறாகப் படபடக்கும், நுரையீரல் அறுவைக்குப் பிறகு இது அடிக்கடி பார்க்கிற விஷயம், மருந்தில் அடங்கும். ஆனால் உடனே சொல்ல வேண்டும்.

வீட்டுக்குப் போனபிறகு கதை மாறிவிடும். பத்தியம் ஆரம்பித்துவிடும். கத்திரிக்காய் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், புளி சேர்த்தால் புண் சீழ் பிடிக்கும், தயிர் சாப்பிட்டால் சளி கட்டும். கடைசியில் கஞ்சியும் ரசமும் மட்டும் மிஞ்சும். வெட்டுக்காயம் ஆறப் புரதம் வேண்டும், முட்டையும் மீனும் பருப்பும் சுண்டலும் பாலும் தயிரும் தாராளமாகக் கொடுங்கள், சர்க்கரையை மட்டும் கட்டுப்பாட்டில் வையுங்கள். குளிக்கலாமா என்றால், டாக்டர் சரி என்றபிறகு குளிக்கலாம், காயத்தைத் துடைத்து உலர வைக்க வேண்டும், மஞ்சளும் எண்ணெயும் பூச வேண்டாம்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று அந்த மரத்த உணர்வு. விலாவுக்கு அடியில் ஓடும் நரம்பு சீண்டப்படுவதால் மார்புக்குக் கீழே, வயிற்றின் மேல்பகுதி வரை மரத்தும் சுருக்கென்றும் இருக்கும். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். வயிற்றுப் பக்கம் இருப்பதால் கேஸ் என்று நினைத்து மருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை அந்த இடத்தில் உராய்ந்தால் தாங்காது, வெளியே சொல்லவும் மாட்டார்கள், தளர்வான பருத்தி உடை கொஞ்ச நாளைக்குப் போதும். வறட்டு இருமலும் சில வாரம் இருக்கலாம். அந்தப் பக்கத்துக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், தலை வாருவது, சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்துவது எல்லாம் பயிற்சிதான். தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை, இவற்றைச் சில வாரம் தூக்க வேண்டாம். டூவீலரும் விமானப் பயணமும் டாக்டரைக் கேட்டுத்தான்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் மூச்சுத்திணறல், இருமலில் புதிதாக ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், காயத்தில் சீழ், கழுத்து முகம் வீங்கி தோலைத் தொட்டால் நறநறவென்று சத்தம் என்று எது வந்தாலும் திங்கட்கிழமை ஓபிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ரோபோ என்ற சொல்லுக்காகவே நிலத்தை அடமானம் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கேமரா வைத்துச் சிறு துளைகளில் செய்யும் சாதாரண முறையிலும், அனுபவமுள்ள சர்ஜன் கையில், நோய் குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்பதே இதுவரை தெரிந்தது. யார் செய்கிறார், எத்தனை செய்திருக்கிறார் என்று கேளுங்கள், மெஷின் பெயரை அப்புறம் கேட்கலாம். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ரோபோ அறுவையையும் மருத்துவக் காப்பீடு ஏற்க வேண்டிய நவீன சிகிச்சைகளில் சேர்த்தது, ஆனால் நிறுவனங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம். ஐந்து லட்சம் பாலிசி இருக்கிறது என்று தைரியமாக வருகிறவருக்கு, சில பாலிசிகளில் ரோபோ என்றால் அதில் பாதிதான் என்பது பில் போடும் அன்று தெரியும். அட்மிஷனுக்கு முன்பே அந்த வரியைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தக் கடிதம் எழுதியதற்கே காரணமான கோரிக்கை. டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அது அடுத்த டாக்டருக்கு. நோயாளிக்கு என்று, தமிழில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு தாள் வேண்டும்: எப்போது நடப்பது, எப்படி இருமுவது, பந்தை எப்படி இழுப்பது, என்ன சாப்பிடுவது, எது வந்தால் ஓடிவருவது, ராத்திரி எந்த எண்ணைக் கூப்பிடுவது. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அதைக் கையில் கொடுத்து, பிசியோதெரபிஸ்டை ஒருமுறை பார்க்க அனுப்ப வேண்டும். அரசு மருத்துவமனைகளில் மக்கள் நல்வாழ்வுத் துறை ஓர் ஆணை போட்டால் நடக்கும், தனியார் மருத்துவமனைகளுக்கு அதற்கு ஆணைகூடத் தேவையில்லை. எழுதிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் எங்களைப் போன்றவர்கள் எழுதித் தருகிறோம், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
நெஞ்சு அறுவை வார்டு பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
மதுரை.
(வேலையில் இருப்பதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)