ஆளுக்கொரு மேசை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானது சோம்பலால் இல்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். படிக்காதே, குனியாதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு 'காதே'. பச்சைத் துணியை அவிழ்த்த பிறகு, மகளுக்குத் தெரியாமல் ராத்திரியில் ஒரு பழைய படம் பார்த்தேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

'செபரேட் டேபிள்ஸ்'. 1958இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இங்கிலாந்தின் தென்கரையில் போர்ன்மத் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கதை நடக்கிறது. கடற்கரை ஓட்டல் என்றதும் குடையும் கும்மாளமும் இருக்கும் என்று நினைத்துவிடாதே. சீசன் முடிந்துவிட்டது. மிஞ்சியிருப்பவர்கள் போக வேறு வீடில்லாமல் அங்கேயே காலம் தள்ளுபவர்கள். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், குதிரைப் பந்தயச் செய்தியே கதியென்று இருக்கும் கிழவி, அதிகாரம் செய்யும் ஒரு விதவை, அவரைக் கண்டு நடுங்கும் மகள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆளுக்கொரு மேசை. அடுத்த மேசையோடு வானிலை பேசலாம். நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கே போய் உட்கார முடியாது.

அங்கே ஒரு மேஜர். நரைத்த மீசை, வட ஆப்பிரிக்கப் போர்க்களக் கதைகள். அத்தனையும் புளுகு. திரையரங்க இருட்டில் பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக மாட்டிக்கொண்டு, பெயர் பத்திரிகையில் வந்துவிடுகிறது. அந்தப் பத்திரிகை யார் கண்ணிலும் படக்கூடாதே என்று அவர் தவிப்பதைப் பார்க்க வேண்டும். பார்வை பத்திரிகையில், பேச்சு வேறெதிலோ, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. நடித்தவர் டேவிட் நிவென். இதிலே வேடிக்கை என்னவென்றால், நிவென் நிஜமாகவே சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றவர். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஹாலிவுட்டை விட்டு ராணுவத்துக்குப் போய், லெப்டினன்ட் கர்னல் வரை உயர்ந்தவர். அசல் கர்னல் போலி மேஜராக நடித்திருக்கிறார்! ஏறக்குறைய 100 நிமிடப் படத்தில் அவர் வருவது சுமார் 23 நிமிடம்தான். அதற்கே சிறந்த நடிகருக்கான ஆஸ்கர்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்தியது. நம் பரிவு முழுக்க மேஜருக்கே போகிறது. அந்தத் திரையரங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் படத்தில் வாயே இல்லை. மூலம் டெரன்ஸ் ரேட்டிகனின் நாடகம். முதலில் அவர் மனத்தில் இருந்தது, மேஜர் ஆண்களை அணுகி மாட்டிக்கொண்டதாக. அன்றைக்கு இங்கிலாந்தில் நாடகத்துக்கும் தணிக்கை உண்டு, அந்த உறவு சட்டப்படி குற்றமும்கூட. அதனால் குற்றத்தை மாற்றினார். இது தெரிந்தபிறகு, அந்த மனிதரின் பயத்துக்கும் செய்த குற்றத்துக்கும் ஏன் ஒட்டவில்லை என்று புரிகிறது.

பர்ட் லங்காஸ்டர், ரீட்டா ஹேவொர்த் ஜோடியின் சண்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். ஆனால் ஓட்டலை நடத்தும் பெண்ணாக வரும் வெண்டி ஹில்லரை விட்டுவிடாதே. தான் நேசித்த லங்காஸ்டரை அவனுடைய பழைய மனைவியான ஹேவொர்த்திடம் விட்டுக்கொடுத்துவிட்டு, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வேலையைப் பார்க்கிறாள். அவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

கடைசியில் காலை உணவு. மேஜரை வெளியேற்ற வேண்டும் என்று விதவை கூட்டம் போட்டிருக்கிறார். போய்விட்டிருக்க வேண்டியவர் உள்ளே வந்து தன் மேசையில் உட்காருகிறார். கூடமே மௌனம். பிறகு ஒரு மேசையிலிருந்து ஒரு காலை வணக்கம். அடுத்த மேசையிலிருந்து இன்னொன்று. வேறொன்றும் இல்லை, மாப்பிள்ளை, தினம் சொல்கிற அதே உப்புச் சப்பில்லாத வார்த்தைகள்தான். தாய் எழுந்து மகளை வா என்கிறார். அவள் எழவில்லை. எனக்குத் துடைத்துக்கொள்ளவும் பயம், புதுக் கண் அல்லவா?

இங்கே சாப்பாட்டு மேசை ஒன்றே ஒன்றுதான்; ஆறு பேர் உட்காரலாம். மருமகன் ஏழு மணிக்குச் சாப்பிடுகிறார், மகள் ஏழரைக்கு, பேரன் தன் அறையில் கட்டில்மேல். எட்டரைக்கு நான் மூடிவைத்த தட்டைத் திறக்கிறேன். குறை சொல்வதாக நினைக்காதே, சட்னிகூட எனக்காகக் காரம் குறைத்து வைக்கிறாள்.

தங்கச்சி போனபிறகு மெஸ் சாப்பாடுதான் என்று எழுதியிருந்தாய். வாசலில் கேரியரை வைத்துவிட்டு மணியடித்துப் போய்விடுகிற பையனை ஒரு நாளும் முகம் பார்த்ததில்லை என்றும் எழுதியிருந்தாய். அடுத்த மாதம் கண் மருத்துவர் பஸ் பயணத்துக்குச் சம்மதிப்பார். பத்து நாள் தங்குவேன். கேரியரை இரண்டாகச் சொல்லிவை. வத்தக்குழம்பு இருக்கிற நாளாகப் பார்த்து வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்