டிஸ்க்கை மாற்றச் சொல்பவர்கள் அளவையும் எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், ‘டிஸ்க் பெண்டு சார், மாத்தணும்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு வந்துவிடுகிறது. டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) ஜோடி, பேட் (அந்தத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) செட், கூலி, அத்தனைக்கும் ஜிஎஸ்டி என்று பில் நீள்கிறது. ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதே நடுக்கம். வாரன்டி கேட்டால், தேய்மானப் பொருளுக்குக் கிடையாது என்கிறார்கள். இவ்வளவும் நடக்கும்போது அந்த டிஸ்க்கை அளந்து பார்த்தவர் பெரும்பாலும் ஒருவரும் இல்லை.

டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பது டிஸ்க்கிலேயே இருக்கிறது. நடுவே தொப்பிபோல் எழும்பிய பாகத்திலோ வெளி விளிம்பிலோ குறைந்தபட்ச கனம் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக 22 மி.மீ. இருக்கும் முன்சக்கர டிஸ்க்கில் 20 என்று காணலாம். ஆக, பக்கத்துக்கு 1 மி.மீ. வரை தேயலாம். சாதாரண வெர்னியரால் (இரு தாடைகளால் கவ்வி அளக்கும் கருவி) இதை அளக்கக் கூடாது. பேட் படாத வெளி விளிம்பு வரப்புபோல் உயர்ந்து நிற்கும். வெர்னியரின் தாடை அதன்மேல் உட்கார்ந்து, இல்லாத கனத்தைக் காட்டும். சிறு முனைகளால் கனத்தை நுட்பமாக அளக்கும் மைக்ரோமீட்டர்தான் சரி. விளிம்பிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் 8 இடங்களில் அளக்க வேண்டும். அந்த எட்டு அளவுகளுக்குள் 0.02 மி.மீ. வித்தியாசம் வந்தாலே பெடல் துடிக்கத் தொடங்கிவிடும். தலைமுடியின் கனத்தில் பாதிகூட இல்லை இது. கண்ணால் பார்த்து ‘பெண்டு’ என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

உண்மையில் வார்ப்பிரும்பு டிஸ்க் வளைவது அபூர்வம். டிஸ்க் உட்காரும் ஹப் (சக்கரத்தின் நடு அச்சுப் பகுதி) முகத்தில் துரு படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால், அங்கே இருக்கும் சிறு மேடு டிஸ்க்கின் விளிம்புக்கு வரும்போது இரண்டு மடங்கு ஆட்டமாகிவிடும் (சுழலும்போது பக்கவாட்டில் அசையும்). மாட்டிய அன்று வண்டி நன்றாகவே ஓடும், ஒர்க்‌ஷாப்காரரும் கை கழுவிவிடுவார். ஆனால் பிரேக் பிடிக்காத நேரத்திலும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் ஒரே இடம் பேடை உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மட்டும் மெலியும். மெலிந்த இடத்தைப் பேட் கடக்கும்போது வருவதுதான் நடுக்கம். இரண்டாவது முறை டிஸ்க் வாங்கியும் நோய் தீராததற்கு இதுவே முதல் காரணம். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, டிஸ்க்கை மாட்டி நட்டுகளை இறுக்கி, அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. மிஞ்சினால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டிப் பார்க்கலாம். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் ஒரு சக்கர நட்டை உயிர்போக இறுக்கி, அடுத்ததைத் தளர்வாக விடுவதும் இதே கோணலை உண்டாக்கும். பெரும்பாலான சிறு கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள்தான் இந்த இறுக்கத்தின் அளவு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு குறுக்காக, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும்.

டிஸ்க் சீக்கிரம் தேய்வது வேறு கதை. பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது இரண்டு ஸ்லைடு பின்களின் மேல். அவற்றின் ரப்பர் பூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் அந்தப் பின் இறுகிவிடும். பெடலை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாது. பேடைக் கழற்றினால் சாட்சி கையில் இருக்கும். உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட மிகவும் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின்னோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ திரும்பவில்லை. ஆப்புபோல் சரிவாகத் தேய்ந்திருந்தால் ஒரு பின் மட்டும் சிக்கியிருக்கிறது. பின்னைத் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுவது சில நூறு ரூபாய் வேலை. சாதாரண மஞ்சள் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் மறுபடி இறுகும். ‘பிரேக் சர்வீஸ்’ என்று பில்லில் போட்டு, தூசி மட்டும் ஊதி அனுப்பும் இடங்களில் இந்த வேலை நடப்பதே இல்லை.

மலைப்பாதையைச் சொல்லாமல் முடியாது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். 1,200 கிலோ எடையுள்ள கார் அதில் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல், அதே காரை 80 கி.மீ. வேகத்திலிருந்து அறுபது முறை நிறுத்துவதற்குச் சமம். இரண்டாம் கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் டிஸ்க்கின் தலையில். சூடேறிய டிஸ்க்கோடு அடிவாரத்து டீக்கடையில் பெடலை மிதித்தபடியே நின்றால் பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டிலேயே வாட்டர் வாஷுக்கு விடுவது அதைவிட மோசம்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், ஒரு அச்சின் இரு பக்கமும் சேர்த்து, புது பேடோடு மாற்ற வேண்டும். பிறகு, புது பேட் டிஸ்க்கோடு பொருந்திப் படிய, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைப்பதை, அரை நிமிட இடைவெளி விட்டு எட்டுப் பத்து முறை, முழுக்க நிற்காமல் செய்ய வேண்டும். முதல் 300 கி.மீ. வரை திடீர் பிரேக் தவிர்க்கலாம். கனம் மிச்சமிருந்தால் லேத்தில் ஸ்கிம்மிங் செய்வதும் (மேற்பரப்பை மெல்லியதாகக் கடைந்து சமப்படுத்துவது) நல்ல வழியே. கடைந்த பின்னும் பொறித்த அளவுக்கு மேல் நிற்க வேண்டும். மழையில் இரண்டு நாள் நின்ற காரின் டிஸ்க்கில் படரும் செந்துரு நான்கு பிரேக்கில் போய்விடும், அதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம்.

பில் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் ‘டிஸ்க் 2 எண்ணம்’ என்று மட்டும் இருக்கும் பில்லால் என்ன பயன்? பொறித்த குறைந்தபட்ச கனம், அளந்த கனம், ஹப்பில் மாட்டியபின் கண்ட ஆட்டம் ஆகிய மூன்று எண்களையும் ஜாப் கார்டில் (வண்டியின் வேலைச் சீட்டு) எழுதி, கழற்றிய டிஸ்க்கையும் வண்டிக்காரரிடம் காட்ட வேண்டும் என்று கார் நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் மையங்களுக்கு உத்தரவிட வேண்டும். உதிரி பாகங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வாசகர்கள் பில்லில் அந்த வரியையும் பார்த்துக்கொள்ளவும். எண்களை எழுதித் தர மறுக்கும் இடத்தில் வேலைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடாமல் வண்டியை எடுத்து வந்துவிடலாம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேட்டுப்பாளையம்.