ரேடியேஷன் முடிந்த மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா இடித்த பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டேன். காலையில் மாப்பிள்ளையை வாங்கிக்கொள்ளச் சொல். நேற்றும் "நல்லா இருக்கேன்ப்பா" என்று போனை வைத்துவிட்டாய். தூக்கம் எப்படி என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் கட்டாகிவிட்டது.

மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கக் கொடுத்த தமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரையை எப்போது போடுகிறாய்? காலையோ இரவோ, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். ராத்திரியில் உடம்பு திகுதிகுவென எரிந்து வேர்த்து விழிப்பு வந்தால் பெரும்பாலும் அந்த மாத்திரைதான் காரணம். தூக்கம் கெட்டால் மனசும் கெடும். பொறுத்துக்கொண்டு கிடக்காதே, டாக்டரிடம் சொல்.

கீமோவை நீ தாங்கியதை அத்தை உசிலம்பட்டி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் பெருமைதான். ஆனால் வைத்தியம் நடக்கிறவரை யாராவது உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது அடுத்த செக்கப்புக்கு மாசக்கணக்கில் இடைவெளி. எல்லோரும் "முடிஞ்சிருச்சு" என்று நிம்மதியாகும் இந்த நேரத்தில்தான் பலருக்கு மனசு கீழே இறங்குகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாப்பிள்ளையிடம்கூட நீ வாய் திறப்பதில்லையாமே, அதுதான் எனக்கு வருத்தம்.

தைரியமாக இருந்தால்தான் நோய் திரும்பாது என்று அத்தை சொல்வாள். அதை மனசில் ஏற்றிக்கொள்ளாதே. தலை, கழுத்துப் புற்றுநோய் வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வந்தது. மனநிலை நன்றாக இருந்ததற்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. நீ அழுவதால் கட்டி திரும்ப வராது. சிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் உனக்கில்லை. மனசைப் பார்த்துக்கொள்வது நீ நிம்மதியாக இருப்பதற்காக, அவ்வளவுதான்.

அசதியும் பசியின்மையும் ரேடியேஷனாலும் வரும், மனச்சோர்வாலும் வரும். அதனால் அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல். பிறகு இந்த இரண்டு கேள்வியை நீயே கேட்டுக்கொள். போன இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் எத்தனை நாள் இருந்தாய்? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் எத்தனை நாள்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல். எனக்கு எழுத வேண்டாம், அவரிடம் சொல்.

மனசுக்கு மாத்திரை எழுதினால் தமாக்சிஃபென் போடுவதை மறக்காமல் சொல்ல வேண்டும். கல்லீரல் தமாக்சிஃபெனை மாற்றினால்தான் அது சரியாக வேலை செய்யும். மனச்சோர்வு மாத்திரைகளில் பாராக்ஸெடினும் ஃப்ளுவாக்ஸெடினும் அந்த மாற்றத்தைத் தடுக்கும். வென்லாஃபாக்சினில் அந்தத் தொல்லை குறைவு, ராத்திரி எரிச்சலையும் தணிக்கும். எதுவானாலும் குணம் தெரிய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். பத்து நாளில் "கேக்கலை" என்று நிறுத்தித் தொலைக்காதே, பாப்பா. கொஞ்சம் தேறியதும் நீயாக நிறுத்துவதும் கூடாது. டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நடக்கிறாயா? இங்கே என்றால் தெப்பக்குளத்தைச் சுற்றிவரலாம், அங்கே மொட்டைமாடி போதும். முதலில் 10 நிமிடம், மெதுவாகக் கூட்டி 30 நிமிடம், வாரம் மூன்று நாள், 12 வாரம். மனசு சரியானதும் நடக்கலாம் என்று காத்திருந்தால் நடக்கவே மாட்டாய். நடந்தால்தான் மனசு பின்னால் வரும்.

கவலைக்கென்று சாயங்காலம் 20 நிமிடம் ஒதுக்கு, படுக்கப்போகும் முன் வேண்டாம். நோட்டில் எழுது. செய்ய முடிந்தது என்றால் பக்கத்திலேயே என்ன செய்வாய், எப்போது என்று எழுது. முடியாதது என்றால் மூடி வை. மற்ற நேரத்தில் வந்தால் "சாயங்காலம் பார்க்கலாம்" என்று தள்ளு. முதல் வாரம் தள்ளினாலும் போகாது, பழகப் பழகப் போகும்.

இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒருநாள் வந்தாலும் அன்றைக்கே மாப்பிள்ளையை எழுப்பு, எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும். அரசாங்கத்தின் மனநல உதவி எண் 14416-க்கு அடித்தால் ராத்திரியிலும் தமிழில் பேசுவார்கள், காசில்லை. டாக்டரிடமும் சொல்.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கும் நாளுக்கும் ரிசல்ட் சொல்லும் நாளுக்கும் இடைவெளி குறைவாக வருகிற மாதிரி தேதி கேள். காத்திருக்கிற நாட்கள்தான் ஆளைத் தின்னும். தேதி தெரிந்ததும் எழுது, நான் முந்தின ராத்திரியே பஸ் ஏறிவிடுவேன். எதற்கு அலைச்சல் என்று மட்டும் சொல்லாதே.

இப்படிக்கு,
அப்பா