சிங்மிங் சுருளும் மற்றச் சுருள்களும்: பார்க்கும் முறை

பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகம் செல்வோர் கவனத்துக்கு: கடவுச்சீட்டு எண்ணுடன் இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வழக்கமாகத் திங்கள் விடுமுறை.

பழைய சீன ஓவியர் ஜாங் ஜெதுவானின் சிங்மிங் ஆற்றங்கரை ஓவியச் சுருளைப் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகவேண்டாம். பட்டில் தீட்டியது, வெளிச்சம் பட்டால் நலியும் என்பதால் எப்போதாவதுதான் வெளியே வரும். 2015இல் அதைக் காண மணிக்கணக்கில் வரிசை.

எந்தக் கைச்சுருளையும் (கையால் விரித்துப் பார்க்கும் நீள ஓவியம்) வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக, தோளகலம் தோளகலமாகப் பாருங்கள். சிங்மிங் சுருளின் உயரம் 24.8 செ.மீ., நீளமோ 528.7. இடையில் நுழைந்தால் வயல்வெளி மெல்ல நகரமாவது பிடிபடாது. எல்லோரும் வளைவுப் பாலத்தைத்தான் மொய்ப்பார்கள் (நியாயம்தான்!). அதன் கீழே பாய்மரத்தைச் சாய்க்கத் தவிக்கும் படகைத் தவறவிடாதீர்கள்.

சுருள்களில் காணும் சிவப்பு முத்திரைகளில் பெரும்பாலானவை ஓவியருடையவை அல்ல, பின்னாளில் வைத்திருந்தவர்கள் பதித்தவை. ஃபிளாஷ் கூடவே கூடாது.