பொங்கல் விடுமுறையில் போகும் அறுவடைப் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் பக்கத்து ஊர் சமுதாயக் கல்லூரி ஒன்றில் வேளாண் உற்பத்திப் பட்டயம் படிக்கிறாள். படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். சென்ற மாதம் வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, கோழிமுட்டை மிதந்து நாணய அளவு மேலே தெரியும்வரை பார்த்து, அதில் விதைநெல்லைக் கொட்டினாள். மிதந்த பதரையெல்லாம் அரித்து எறிந்துவிட்டு, தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினாள். முப்பது வருஷமாகத் தூற்றி மட்டுமே விதைத்தவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சிக்கல் கால அட்டவணையில். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து குறுவை நெல் நடவு நடக்கும்போது கல்லூரியில் சேர்க்கையே முடிந்திருக்காது. சம்பா நெற்கதிர் முற்றிச் சாயும்போது பொங்கல் விடுமுறை. அறுவடையைப் பிள்ளைகள் புரொஜெக்டரில் பார்க்கிறார்கள்! உள்ளூர்த் தேவைக்கேற்ற தொழிற்கல்வி என்றுதானே பல்கலைக்கழக மானியக் குழு 2013-ல் இந்தச் சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது?

நடவு நாளையும் அறுப்பு நாளையும் வருகைப் பதிவில் சேருங்கள். கல்லூரிக்கு நிலம் இல்லையென்றால் எங்கள் வயல் இருக்கிறது. வரப்பில் வகுப்பு நடத்த வாடகை கேட்க மாட்டோம்.

ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்